இரண்டு பூச்சு வெள்ளை மை

கடலுணவு மெய்ப்பிப்பு நிலையத்தில் நாள்தோறும் காலை எட்டு மணிக்கு அமினோ அமிலங்களின் பெயர்களை ஓதுவார்கள். முன்கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நிறுவனர் தம் கைப்பட எழுதிய மூல அட்டவணை தொங்குகிறது. அதில் இருபது பெயர்கள். அலனைனில் தொடங்கி வேலைனில் முடியும் அவ்வரிசையை அட்டவணைக் காப்பாளர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, ஊழியர் அனைவரும் ஒரே குரலில் தொடர்வர். பத்தாவது பெயருக்குப் பின் மூச்சு வாங்கிக்கொள்ள அனுமதி உண்டு. இடையில் எவரேனும் இருமினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. ஆகையால் மழைக்காலங்களில் அலுவல்கள் பதினொரு மணிக்கு மேல்தான் ஆரம்பமாகும்.

ஓதுவோர் வரிசையின் கடைசியில் நிற்பவள் மூன்றாம் நிலை ஓடுநீக்குநர். பதவியின் பெயர் நீண்டது, பணி எளிது. குடாக்களிலிருந்து வாரந்தோறும் வந்து சேரும் சிப்பிகளைக் கத்தியால் பிளந்து, சதையைச் சுரண்டி எடுத்து, அரைத்து, வடிகட்டிக் கருவிக்காரரிடம் கொடுப்பாள். அவர் அந்தச் சாற்றைக் கருவியின் வாயில் ஊற்றுவார். கருவி ஓர் அமிலத்துக்கு ஒரு முகடாக, நீண்ட தாளில் மலைத்தொடர் போல வரைந்து தள்ளும். இருபது முகடுகளும் குறைவின்றி நின்றால் அந்தக் குடாவின் சிப்பி தூயது, முத்திரை விழும்.

சிப்பியோ மூல அட்டவணையைப் படித்ததில்லை. அதன் சதைக்குள் எந்தப் புரதத்திலும் இடம்பெறாத சில அமிலங்களும் தம்பாட்டில் மிதந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றை அதுவே ஆக்கிக்கொள்கிறது. சிலவற்றைத் தான் உண்ணும் கண்ணுக்குப் புலனாகாப் பாசியிடமிருந்து பெற்றுக்கொள்கிறது. எனவே இருபது முகடுகளுக்கு அப்பாலும் தாளின் வலக்கோடியில் நாலைந்து குன்றுகள் எழுவது வழக்கம். நிலையம் இவற்றை ‘மிகை’ என்றது. மிகையை வெள்ளை மையால் மூடி மறைப்பதற்குத் ‘தாள் தூய்மை’ என்று பெயர். பிற்பகல் இரண்டு முதல் நான்கு மணி வரை தாள் தூய்மையும் ஓடுநீக்குநரின் கடமை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் அதைக் கை நடுங்காமல் செய்துவந்தாள். மூன்று பாராட்டுச் சான்றுகள் பெற்றிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கிழக்குக் குடாச் சிப்பியின் தாளில், மிகைப் பகுதியில் ஒரு முகடு மற்ற எல்லாவற்றையும் விட உயர்ந்து நின்றது. அவள் கருவிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இது என்ன சார், இவ்ளோ உயரமா நிக்குது?”

கருவிக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இருபதுக்கு உள்ளயா, வெளியயா?”

“வெளியதான்.”

“அப்ப அது நம்ம தலைவலி இல்ல. மை பத்தலைன்னா ஸ்டோர்ல கேட்டு வாங்கிக்கோ.”

ஒரு பூச்சில் அது மறையவில்லை. காயவிட்டு இரண்டாவது பூச்சும் பூசினாள். தாள் பனி மூடிய சமவெளி போல் ஆயிற்று. முத்திரை விழுந்தது.

கிழக்குக் குடாவில் சிப்பி எடுத்துப் பிழைப்பவர் அவளுடைய அண்ணன். நீருக்கடியில் நெடுநேரம் தம் கட்டக்கூடியவர் என்பதால் சக தொழிலாளிகள் அவரை ‘முழுமூச்சு’ என்று அழைத்தார்கள். ஒழுங்கில் தவறாதவர். எடுத்த சிப்பியைச் சமைக்குமுன், “முத்திரை விழுந்துச்சா பாப்பா?” என்று தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கமாட்டார். நாற்பத்தைந்து வயதாகியும் அவள் அவருக்குப் பாப்பாதான். அந்த வாரமும் கேட்டார். விழுந்துவிட்டது என்று அவள் சொன்னாள். வியாழக்கிழமை அண்ணனும் அண்ணியும் ஒரு சட்டி நிறையச் சிப்பி வேகவைத்து உண்டார்கள். நான்காம் நாள் அண்ணி இறந்துபோனார்.

அண்ணன் பிழைத்தார். பழைய நினைவுகள் எல்லாம் அவரிடம் பழுதின்றி இருந்தன. திருமண நாளில் பெய்த மழை, குடாவில் எந்தப் பாறைக்குப் பின்னால் எத்தனை அடியில் சிப்பி கொத்துக்கொத்தாய் இருக்கும் என்பது, தங்கைக்குப் பால்பல் விழுந்த விதம். புதிதாக ஒன்றும் தங்கவில்லை. ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் சொன்னதும் கேட்டதும் கண்டதும் போய்விடும். மனைவியைத் தம் தோளில் சுமந்துசென்று அடக்கம் செய்தவர் அன்று மாலையே வாசலில் நின்று கேட்டார்.

“இருட்டப்போகுது, உங்க அண்ணி எங்க போனா?”

தங்கை சொன்னாள். அவர் தரையில் விழுந்து அழுதார். விளக்கு ஏற்றும் நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். அதே இடத்தில், அதே போல் விழுந்து அழுதார். மூன்றாம் முறை கேட்டபோது உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்காங்கண்ணா.”

“சொல்லாம கொள்ளாமயா? சரி, வரட்டும். வந்ததும் வெச்சுக்கறேன்.”

சிரித்துக்கொண்டே உறங்கப் போனார். அன்றுமுதல் அவர் கேட்கும்போதெல்லாம் அவள் அதையே சொன்னாள்; அந்தப் பொய்தான் அவர் குடியிருந்த வீடு.

பொய்க்கும் ஓர் ஓட்டை இருந்தது. ஊருக்குப் போன மனைவி திரும்பி வரும்போது சிப்பி இல்லாமல் இருக்கலாமா? “வெறுஞ்சட்டியைப் பாத்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா” என்று விடியற்காலையில் கூடையுடன் கிளம்பி, அதே குடாவில் இறங்கி, கூடை நிறையச் சிப்பியுடன் வந்துவிடுவார். மனைவி வந்தபின் சேர்ந்து உண்ணலாம் என்று மூடி வைப்பார். தங்கை வேலை முடிந்து வந்து, அவர் காணாமல் எடுத்துக் கொட்டுவாள். மறுநாள் கூடை மறுபடி நிறையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தட்டு எடுத்து வைத்திருந்தார்.

“அவ வர நேரமாகும் போல. எனக்குப் பசி தாங்கலை பாப்பா, நீயும் உக்காரு.”

அவள் சட்டியைத் தட்டிவிட்டாள். வெந்நீர் காலில் கொட்டியது. வலியைவிட அண்ணனின் முகம் பொறுக்க முடியாததாயிருந்தது.

“சாப்பாட்டையா தட்டிவிடற? உனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?”

“விஷம்ணா அது.”

“நாப்பது வருஷமா தின்னுட்டிருக்கேன். எனக்கே விஷத்தைப் பத்திச் சொல்றியா?” என்று சொல்லிவிட்டு, சிறிது நேரத்தில், “தரையெல்லாம் ஏன் ஈரமா இருக்கு? வழுக்கி விழுந்துடப்போற” என்றார்.

கதவைப் பூட்டிப் பார்த்தாள். ஏன் பூட்டப்பட்டிருக்கிறோம் என்று அறியாத மனிதர் சன்னலைப் பெயர்த்துக்கொண்டு இறங்கிப்போனார். அவரைத் தடுக்கக்கூடியது உலகில் ஒன்றுதான் எஞ்சியிருந்தது: நிலையத்தின் சிவப்புப் பலகை. குடாவின் வாயிலில் இரும்புக் கம்பத்தில் நிற்கும். ‘சிப்பி எடுக்கத் தடை’ என்ற மூன்று சொற்களும், வலப்புற மூலையில் நிலைய முத்திரையும் இருக்கும். முன்னொரு முறை, இருபதில் ஒரு முகடு குறைந்ததால், அந்தப் பலகை பதினொரு வாரம் நின்றபோது அண்ணன் வலை பின்னிப் பிழைத்தாரே தவிர நீரில் கால் நனைக்கவில்லை. நினைவு தங்காதவர் அதை நாள்தோறும் புதிதாகப் படிப்பார். நாள்தோறும் புதிதாகக் கீழ்ப்படிவார். பொய்யும் கலையாது, உயிரும் போகாது. ஆகவே அவள் வேண்டியது ஒரு பலகை, அவ்வளவே.

திங்கட்கிழமை, ஓதுதல் முடிந்ததும், பழைய கோப்பிலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாளை உருவி, சிப்பிக் கத்தியின் முனையால் வெள்ளை மையை மெல்லச் சுரண்டினாள். முகடு வெளிவந்தது. புதிதாக வந்த கிழக்குக் குடாச் சிப்பியின் தாளிலும் அது அதே உயரத்தில் நின்றது. இரண்டையும் அட்டவணைக் காப்பாளரின் மேசையில் வைத்தாள்.

“மையைச் சுரண்டினது யாரு?” என்றார் காப்பாளர்.

“நான்தான் சார்.”

“பூசினது?”

“அதுவும் நான்தான்.”

“பூசினதுக்கு உத்தரவு இருக்கு. சுரண்டினதுக்கு உத்தரவு எங்க?”

அவள் அண்ணியைச் சொன்னாள், அண்ணனைச் சொன்னாள், பலகையைச் சொன்னாள். காப்பாளர் பொறுமையாகக் கேட்டார். பொறுமை அவருடைய பதவியின் தகுதிகளுள் ஒன்று.

“பாவம்தான்மா. நான் மனசில்லாதவன் இல்ல. ஆனா இது பேர் என்ன?”

“தெரியலைங்க சார்.”

“பேர் தெரியாததை எந்த வரியில எழுதறது? படிவத்துல இருபது வரி. இருபதுலயும் ஆள் குடியிருக்கு.”

“ஒரு பேர் வெச்சு, கீழ ஒரு வரி சேத்துக்கலாமே சார்.”

“அட்டவணையில இருந்தாத்தான் பேர் வைக்க முடியும். பேர் இருந்தாத்தான் அட்டவணையில சேக்க முடியும். இவ்ளோ தெளிவா இருக்கற விதியில உனக்கு எங்க குழப்பம்?”

அவள் குழப்பம் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். நாளும் அதே மேசைமுன் நின்றாள். ஒன்பதாம் நாள், அவளைப் பார்க்கும்போதெல்லாம் தேநீர் கசக்கிறது என்று காப்பாளர் எழுதிய குறிப்பின் பேரில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது.

குழு முதலில் சிப்பியை விசாரித்தது. கிழக்குக் குடாவிலிருந்து உயிருள்ள சிப்பி ஒன்றைப் பீங்கான் தட்டில் கொண்டுவந்து வைத்து, உறுப்பினர் மூவர் அரைநாள் கண்காணித்தனர். நச்சு இருப்பின் அது முதலில் சிப்பியைத்தானே கொல்ல வேண்டும் என்பது குழுவின் தர்க்கம். சிப்பி நலமாக இருந்தது. பகல் பன்னிரண்டே காலுக்கு வாய் திறந்தது என்று ஓர் உறுப்பினர் பதிந்தார். திறந்தும் புகார் எதுவும் தெரிவிக்கவில்லை என்று மற்றொருவர் சேர்த்தார். மூன்றாமவர் உடன்பட்டுக் கையொப்பமிட்டார்.

அடுத்தது பாதிக்கப்பட்டவரின் முறை. பாதிக்கப்பட்டவர் நேரில் தோன்றித் தம் குறையைத் தம் நினைவிலிருந்து, தம் வாயால் சொல்ல வேண்டும்; உற்றார் எடுத்துரைப்பது ஏற்கப்படாது. இது விதிநூலின் நான்காம் பிரிவு. அண்ணனுக்கு இஸ்திரி போட்ட சட்டை அணிவித்து, தலைவாரி, அவள் அழைத்துவந்தாள். கூடத்து வாசலில் அவர் மறுபடி அண்ணியைக் கேட்க, வழக்கமான பொய்யைச் சொன்னாள். நீண்ட மேசைக்கு அப்பால் இயக்குநரும் குழுவினரும் வீற்றிருந்தனர். பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

“சொல்லுங்க பெரியவரே. உங்களுக்கு என்ன குறை?” என்றார் இயக்குநர்.

அண்ணன் எழுந்து நின்று யோசித்தார்.

“குறையா? ஒண்ணும் இல்லைங்க. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்.”

“சிப்பி சாப்பிட்டதால உடம்புக்கு ஏதாவது...?”

“கிழக்குக் குடா சிப்பியைச் சொல்றீங்களா? அது மாதிரி எங்கயும் கிடைக்காதுங்க. நாளைக்கு ஒரு கூடை கொண்டுவந்து தரட்டுமா?”

குழுவினர் முகம் மலர்ந்தனர்.

“வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்ங்க. வீட்டுக்காரி மட்டும் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. இன்னிக்கு நாளைக்குள்ள வந்துடுவா.”

பதிவாளர் எழுதினார்: ‘மனைவி உயிருடன் இருப்பதாகப் பாதிக்கப்பட்டவரே வாக்குமூலம் அளித்தார்.’

ஓடுநீக்குநர் பாதி எழுந்தாள். முழுவதும் எழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த அறையில், இத்தனை பேர் முன்னிலையில், அண்ணன் காதுபடச் சொல்ல வேண்டும். அவர் தரையில் விழுந்து அழுவதை இவர்கள் பார்ப்பார்கள், பார்த்து, குறித்துக்கொள்வார்கள். அவள் உட்கார்ந்தாள்.

“ஏதாவது சொல்லணுமா?” என்றார் இயக்குநர்.

“இல்லைங்க ஐயா.”

அண்ணன் அவள் பக்கம் குனிந்து, கூடம் முழுவதும் கேட்கும் கிசுகிசுப்பில் கேட்டார்: “பாப்பா, நாம எதுக்கு இங்க வந்திருக்கோம்? யாருக்காவது வேலை கேட்டு வந்தோமா?”

குழுவினர் சிரித்தனர். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அவரை வெளியே நீண்ட பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். பிறகு இயக்குநர் எழுந்து பேசினார்.

“நம்ம நிலையம் ஆரம்பிச்சு நாப்பது வருஷம். இந்த நாப்பது வருஷத்துல இருபதுக்கு மேல ஒண்ணுகூட நாம கண்டுபிடிச்சதில்ல. இது லேசான சாதனை இல்ல. மத்த இடங்கள்ல தேடறாங்க. தேடினா கிடைக்கத்தான் செய்யும். அது அவங்க தலையெழுத்து. ஜனங்க நம்ம முத்திரையைப் பாத்துச் சாப்பிடறாங்க. அந்த நம்பிக்கைதான் பெரிய பாதுகாப்பு, சாப்பாடு ரெண்டாவதுதான். இன்னிக்கு ஒரு பலகை வெச்சா, போன மாசம் வெச்ச முத்திரை தப்புன்னு ஆகும். அது தப்புன்னா அதுக்கு முந்தினது? ஒரு பலகைக்காக நாப்பது வருஷத்தைக் கடல்ல போட நான் தயாரா இல்ல. இன்னொரு விஷயம். இந்த அம்மாவோட அண்ணி காலமானதுக்காக ஒரு இரங்கல் தீர்மானம் டைப் பண்ணி வெச்சிருந்தோம். ஆனா அவங்க உயிரோட இருக்கறதா இப்பப் பதிவாயிடுச்சு. அதனால அந்தத் தீர்மானத்தை வருத்தத்தோட வாபஸ் வாங்கறோம்.”

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். இரங்கல் அதற்குரிய ஒழுக்கம் என்று பழைய இலக்கணத்தார் வகுத்துவைத்தனர். அவர்கள் காலத்தில் இரங்குவதற்குப் பதிவாளரின் கையொப்பம் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

நிலையம் கைகட்டி இருந்துவிட்டது என்றும் சொல்லக்கூடாது. அன்று ஒரு சீர்திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது. வரைதாளை இனி இருபதாவது முகட்டுக்குப் பின் ஒரு விரற்கடை தள்ளி வெட்டிவிடுவது. மிகை எழுமானால் அது தாளுக்கு வெளியே, காற்றில் எழட்டும். இதனால் தாள் தூய்மை என்னும் பணியே தேவையற்றுப் போயிற்று. இச்சீர்திருத்தத்துக்குத் தூண்டுதலாயிருந்தமைக்காக மூன்றாம் நிலை ஓடுநீக்குநருக்கு நான்காவது பாராட்டுச் சான்று வழங்கப்பட்டது. கை குலுக்கும்போது கருவிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“மத்தியானம் ரெண்டு மணி நேரம் உனக்கு ஓய்வு கிடைக்குது பாரு.”

அந்த ஓய்வில் அவள் பலகை ஒன்று வாங்கிச் சிவப்பு வண்ணம் அடித்தாள். மூன்று சொற்களையும் அழுத்தமாக எழுதி, விடுமுறை நாளொன்றில் குடாவின் கம்பத்தில் கட்டிவிட்டுப் பாறைக்குப் பின்னால் நின்றாள். அண்ணன் வந்தார். கூடையை இறக்கினார். பலகையைப் படித்தார், அவள் நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. பிறகு அவர் கண் வலப்புற மூலைக்குப் போயிற்று.

“முத்திரையைக் காணோமே. எவனோ விளையாடியிருக்கான்.”

கட்டை அவிழ்த்து, பலகையை அலை அண்டாத மேட்டில் பத்திரமாகச் சாய்த்துவிட்டு நீரில் இறங்கினார். வாழ்நாள் முழுதும் நிலையத்தை மதித்து நடந்த மனிதர் அவர். போலியை அடையாளம் காண்பதில் தவறமாட்டார்.

அவள் கரையில் காத்திருந்தாள். அவர் கூடை நிறைந்து மேலேறி வந்து, ஈரம் சொட்ட அவளருகே அமர்ந்தார்.

“அட, நீ எப்ப வந்த பாப்பா? பசி உயிர் போகுது. ஒண்ணைப் பச்சையாவே தின்னுட்டுக் கிளம்பலாம்.”

கத்தியைச் செருகித் திருப்பினார். ஓடு திறந்தது. கிழக்குக் குடாச் சிப்பி, வெளுத்து, கொழுத்து, எந்தக் குறையும் சொல்லாமல் உள்ளே கிடந்தது. அதை அவர் உதட்டருகே கொண்டுபோனார்.

“அண்ணா. அண்ணி செத்துட்டாங்க.”

கை நின்றது.

“இந்தச் சிப்பியைத் தின்னுதான் செத்தாங்க. நீங்களும் தின்னீங்க. நீங்க பொழைச்சுட்டீங்க.”

சிப்பி அவர் மடியில் விழுந்தது.

“எப்போ?”

“மூணு மாசம் ஆச்சு.”

“நான் எங்க இருந்தேன்?”

“பக்கத்துலயேதான் இருந்தீங்க. உங்க தோள்லதான் போனாங்க.”

அவர் அழுதார். அழுகையின் நடுவே திரும்பி, அவளை அடிபட்டவர் போல் பார்த்தார்.

“இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லல பாப்பா? நான் அவ்ளோ வேத்தாளாப் போயிட்டேனா?”

கூடையைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். உச்சிப்பொழுதில், “உங்க அண்ணி எங்க?” என்று கேட்டார். மறுநாள் விடியலில் கூடையை எடுத்தார்.

அன்றுதொட்டு அவள் பணிக்குச் செல்லுமுன் நாள்தோறும் குடாவுக்குப் போனாள். பலகை செய்ய வேண்டிய வேலையை அவள் வாய் செய்தது. அவர் ஓட்டைத் திறக்கும் நேரம் பார்த்து ‘அண்ணா, அண்ணி செத்துட்டாங்க’ என்ற மூன்று சொற்களைச் சொன்னாள். அவர் எப்போது என்று கேட்டார். எங்கிருந்தேன் என்று கேட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். முதலிரண்டுக்கும் விடை இருந்தது. மூன்றாவதற்கு அவள் அமிலத்தையும் முகட்டையும் மறதியையும் விளக்கிப் பார்த்தாள். விளக்கம் முடிவதற்குள் அதன் தொடக்கம் அவரை விட்டுப் போயிருந்தது. நேற்றும் சொன்னேன் என்றாள். பொய் சொல்லாதே என்று அவர் சினந்தார். மௌனமாயிருந்து பார்த்தாள், அது அவரை இன்னும் வருத்திற்று.

எத்தனையாவது காலை என்று அவளுக்கே தெரியாத ஒரு காலையில், அவர் அதே கேள்வியைக் கேட்க, களைத்துப்போய்ச் சொன்னாள்:

“எனக்கும் இப்பத்தாண்ணா தெரிஞ்சது.”

அவர் அழுகையை நிறுத்தினார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். உண்மைதான் என்று தோன்றியிருக்க வேண்டும். அப்போதுதான் கேட்டவளைப் போலத்தான் அவளும் அழுதுகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்து, அவள் தலைமீது வைத்தார்.

“அழாத பாப்பா. நான் இருக்கேன்ல.”

அண்ணி இறந்தபின் அவளுக்கு ஆறுதல் சொன்ன முதல் ஆள் அவர்தான். அதன்பிறகு ஒரு நாள்கூட அவர் அதைச் சொல்லத் தவறவில்லை.